மூக்குப் பாரம்

ஹெஸ்ஸல்
8 ஜூன் 2023

டெஸ்மண்ட்,

உன் கேரவன் கவிழ்ந்ததற்கு, அதை இழுக்க நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கார்தான் காரணம் என்று நீ நெவிலிடம் சொல்லியிருக்கிறாய். அது பொய். அந்தப் பொய்யைக் கேரவன் சங்கத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நீ எனக்குச் செய்த அநியாயம் இதுதான். அதை முதலில் எழுதிவிட்டு நலம் விசாரிக்கலாம் என்று நினைத்தேன்.

உன் மனைவி பெரிலின் முறிந்த காறை எலும்பு சேர்ந்து வருகிறதா?

போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ "சரி சரி" என்பாய், வைத்த பிறகு உன் இஷ்டப்படி நடப்பாய். ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீ மறுக்க முடியாது, நானும் மறுக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டத்துக்கு ஒரு புதுத் தம்பதி வந்திருந்தார்கள். கேரவன் வாங்கிவிட்டார்களாம், எந்தக் கார் சரியாக இழுக்கும் என்று நெவிலிடம் கேட்டார்கள். இதற்கு முன் யார் அப்படிக் கேட்டாலும் செயலாளர் நெவில் பேனாவை என் பக்கம் நீட்டுவார், அவ்வளவுதான். அன்றைக்குத் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "கார் விக்கிற எடத்துலயே கேட்டுக்கிடுங்க, அதான் நல்லது" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

கேரவன் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அந்தச் சக்கர வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்தவள் நான். எடைக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு வேளையில் வண்டிகளின் தகடுகளைப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டது. அதைத்தான் நீ ஒரு வாக்கியத்தில் குப்பையில் போட்டிருக்கிறாய்.

அந்தக் காரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை நினைவுபடுத்துகிறேன். முதல் கடையில் பெரில் அந்தச் சின்னச் சிவப்பு மின்சாரக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. நான் கார்க் கதவைத் திறந்து, கதவோரச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினேன். இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. ஒரு கைவண்டியைக்கூட இழுக்க அதற்கு அனுமதி இல்லை. இரண்டாவது கடையில் உனக்கு அந்த உயரமான கறுப்புக் கார் பிடித்தது. பார்வைக்குக் காளை, எடையில் கன்றுக்குட்டி. விற்கிற பையன், "அம்மா, இது வீட்டையே இழுக்கும்" என்றான். "எங்க கேரவன் எவ்வளவு எடைன்னு நீ கேக்கவே இல்லையே, தம்பி" என்றேன். அவன் மேலாளரைக் கூப்பிடப் போனான், திரும்பி வரவில்லை.

மூன்றாவதாகத்தான் டிரிஃபீல்டுக்கு வெளியே அந்தப் பண்ணைக்காரரின் சாம்பல் நிற டீசல் எஸ்டேட் கார். நீளம், தாழ்வு, கனம். பெரில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாய் வாடை அடிக்கிறது என்றாள். அடித்தது, உண்மைதான். ஆனால் காரின் எடை ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கிலோ. சாமான் ஏற்றிய உங்கள் கேரவன் ஆயிரத்து முந்நூறு. காரின் எடை நூறு என்றால் கேரவன் எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை. முன்னால் போவது கனமாக இருக்க வேண்டும், பின்னால் வருவது அடங்கி வர வேண்டும் என்று அந்த முற்றத்தில் வைத்தே விளக்கினேன். அதற்கு உன் மனைவி சொன்னாள்: "அதான் உங்க குடும்ப வழக்கமாச்சே. அக்கா முன்னால, தம்பி பின்னால." நீ சிரித்தாய். நீ சிரித்ததை நான் மறக்கவில்லை.

பிறகு உங்கள் வீட்டு வாசலில் மூக்குப் பாரம் பார்த்தோம். என் குளியலறைத் தராசைக் கீழே வைத்து, துடைப்பக் கட்டையை அளவாக வெட்டி நிறுத்தி, அதன் மேல் கேரவனின் மூக்கை இறக்கினோம். எழுபத்து நான்கு. நீதான் குனிந்து படித்தாய். காரின் கொக்கியில் அந்த அளவு அழுத்தினால்தான் கேரவன் வாலாட்டாமல் வரும். அதற்கு மேல் ஒரு கிலோ தேவையில்லை, கீழே ஒரு கிலோ குறையக் கூடாது.

கார் சரி. எடை சரி. மிச்சம் என்ன இருக்கிறது? ஓட்டியவள். உன் கண்ணில் புரை, நீ ஓட்ட முடியாது. அறுவைச் சிகிச்சை முடியட்டும், ஆகஸ்டில் போங்கள் என்றேன். ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து பெரில் எல்லாம் தெரிந்துகொண்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகச் சங்கக் கூடுகையை விட்டுவிட்டு இரண்டு பேரும் தனியாக விட்பிக்குக் கிளம்பினீர்கள். கூடுகை நடந்த ஹார்ன்சீ வயலில் எண்பது பேருக்கு நான் ஒருத்தியாகத் தேநீர் போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் நான் போன் செய்தேன். பெரில் எடுத்தாள். வணக்கம் கிடையாது. "இப்ப என்ன தப்பு பண்ணிட்டோம், வின்னி?" என்றாள். நான் வைத்துவிட்டேன். காரணமாகத்தான் கூப்பிட்டேன். இப்போது அது எதற்கு.

கேரவன் எங்கே நிற்கிறது? அதன் மூக்கில் இருக்கிற முன்பெட்டியை யாராவது திறந்தார்களா? காப்பீட்டுக்காரர்கள் சாமான் ஏற்றிய விதத்தில் குற்றம் கண்டுபிடிப்பார்கள், அதனால் கேட்கிறேன்.

நெவிலுக்கு எழுது. கார் காரணம் இல்லை என்று எழுது.

வினிஃப்ரெட்


பெவர்லி
13 ஜூன்

அன்புள்ள வின்னி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரிலிடம் காட்டவில்லை. அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நெவிலிடம் நான் அப்படிச் சொல்லவில்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர், என்ன கார் என்று கேட்டார். "வின்னி பாத்துக் குடுத்த கார்தான்" என்றேன். உன் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது என்று நினைத்துச் சொன்னேன். அது வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மன்னித்துக்கொள். நெவிலுக்கு எழுதுகிறேன். ஆனால் என்ன எழுதுவது? கார் காரணம் இல்லை என்றால், அடுத்த கேள்வி என்ன என்று உனக்கே தெரியும்.

நடந்ததை நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன்.

மால்ட்டன் புறவழிச் சாலையில் ஓர் இறக்கம் இருக்கிறதல்லவா, அங்கே. பெரில் ஐம்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. வேக முள்ளை நான் பார்த்துக்கொண்டே வந்தேன், அந்தத் தூரத்துக்கு என் கண் தெரியும். ஒரு சுற்றுலாப் பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. அது போன காற்றில் கேரவனின் வால் ஒரு பக்கம் போனது. சரியாகிவிடும் என்று நினைத்தோம். மறு பக்கம் போனது, முன்னைவிட அதிகமாக. யாரோ பின்னாலிருந்து நம் சட்டையைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது, வின்னி. நான்கு முறையோ ஐந்து முறையோ. பிறகு கேரவன் ஓரத்துப் புல்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. கொக்கி முறுக்கிக்கொண்டு கழன்றது. கார் நிமிர்ந்தே நின்றது. அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கறுப்புக் கார் மாதிரி உயரமானதாக இருந்திருந்தால் நாங்களும் கவிழ்ந்திருப்போம் என்று மீட்பு வண்டிக்காரர் சொன்னார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பெரில் காரை விட்டு இறங்கவில்லை. எலும்பு முறிந்ததுகூட அப்போது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் குதிரை ஏற்றும் பெட்டி வண்டியைக் காரில் இழுத்து வந்த ஓர் அம்மாள் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "கைய விடு, கண்ணு. வண்டி நின்னுடுச்சு. எப்பவோ நின்னுடுச்சு."

வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். வியாழக்கிழமைகளில் முடியாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டியை அவள்தான் ஓட்டிவந்தாள், தெரியுமே. எலும்பு சேர்ந்த பிறகும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைக்கு நடந்தே போகிறாள்.

கேரவன் மால்ட்டனில் ஒரு முற்றத்தில் கிடக்கிறது. முன்பெட்டியைத் திறந்தார்கள். ஒரே ஒரு எரிவாயு சிலிண்டர்தான் இருந்தது. இன்னொன்றின் பட்டை அவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்தபோது தெறித்து எங்கோ விழுந்திருக்கும் என்கிறார்கள். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனார். நிறைந்த சிலிண்டர், நான்தான் வாங்கி வைத்தது. அது பெரிலை விட மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இயான் எங்களை அங்கே கூட்டிப்போனான். காஞ்சொறிச் செடி இடுப்பளவு. கிடைக்கவில்லை. வருகிற ஞாயிறும் போகிறோம்.

முன்பெட்டியைப் பற்றி நீ ஏன் கேட்டாய்?

டெஸ்மண்ட்


ஹெஸ்ஸல்
16 ஜூன்

டெஸ்மண்ட்,

மீட்பு வண்டிக்காரர் சொன்னதை நெவிலுக்கு அப்படியே எழுது. அவர் பெயரையும் போடு.

முன்பெட்டியைப் பற்றி ஏன் கேட்டேன் என்று போன கடிதத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறேன். ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

அந்தச் சாலையோரம் போய் நிற்காதீர்கள். லாரிகள் போகிற வேகம் என்ன, உன் கண் என்ன, கையைக் கழுத்தோடு தூளியில் கட்டிக்கொண்டு அவள் எப்படி அந்த மேட்டில் ஏறுவாள். சிலிண்டர் அங்கே இருக்காது. நிச்சயமாக இருக்காது. எவனாவது எடுத்துப்போய் வீட்டில் வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பான். தடித்த இரும்பு அது, சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. இதை அவளிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

பேருந்து தாண்டினால் எந்தக் கேரவனும் கொஞ்சம் ஆடும். காலை மெதுவாக எடுத்துவிட்டு வளையத்தை நேராகப் பிடித்திருந்தால் அடங்கியிருக்கும். பிரேக்கை மிதித்தாளா? அதை நீ எழுதவில்லை. மிதித்திருந்தால் அதுதான் காரணம், வேறு எதையும் தேட வேண்டாம். ஒரு நாள் வகுப்பில் அதைத்தானே முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

காப்பீட்டுப் பணம் வந்ததும் வேறு கேரவன் பார்க்கலாம். இதைவிட இலேசானது, ஆயிரத்து நூறுக்கு மேல் போகாதது. காரை விற்காதே. நான் வந்து பார்த்துத் தருகிறேன்.

இத்துடன் ஒரு டப்பாவில் பார்க்கின் கேக் வைத்திருக்கிறேன். இஞ்சி கூடுதலாகப் போட்டது. பெரிலுக்குப் பிடிக்குமே. வெட்டுவதற்கு முன் ஒரு நாள் மூடி வைக்கச் சொல்.

வியாழக்கிழமை வண்டியை இப்போது யார் ஓட்டுகிறார்கள்? யாரும் இல்லையென்றால் நான் ஓட்டுகிறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அந்த அலுவலகத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வினிஃப்ரெட்


பெவர்லி
19 ஜூன்

அன்புள்ள வின்னி,

பார்க்கின் வந்தது. நவம்பர் நெருப்புத் திருநாளுக்கு மட்டும் செய்வதை ஜூனில் அனுப்பியிருக்கிறாய். அம்மா இறந்தபோதுகூட நீ காலம் மாற்றிச் சமைத்ததில்லை. பெரில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

நேற்றும் போனோம். நீ வேண்டாம் என்று எழுதியதை நான் என் யோசனையாகவே சொன்னேன். கேட்கவில்லை. கூடாரக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒரு கையால் செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தில் எல்லாம் காஞ்சொறி பட்ட தடிப்பு. ஒரு பழைய டயர், ஒரு செருப்பு, ஒரு முயலின் எலும்பு, இவ்வளவுதான் கிடைத்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வயல், அதைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமையே அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து, சிவப்புச் சிலிண்டர் எதையாவது பார்த்தால் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னாள். அந்த அம்மாள் நன்றாகத்தான் பேசினாராம். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டபோது, "நான் போட்டது" என்று பெரில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது இயான் வானொலியை வைத்தான். எங்கோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில் தீ என்று செய்தி. எந்த ஊர் என்றுகூடச் சரியாகக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரத்தில் வாந்தி எடுத்தாள்.

நேற்று என்னிடம் சொன்னாள்: "வின்னி சொன்னதுதான் சரி. நான் ஓட்டியிருக்கக் கூடாது." உன் வாக்கு பலித்தது என்று நீ சந்தோஷப்படலாம். அவள் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் எனக்கு நிம்மதியாக இருக்கும். பேச மாட்டேன் என்கிறாள். உன் தராசையும் துடைப்பக் கட்டையையும் துடைத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறாள், உன்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இனி எங்களுக்குத் தேவைப்படாதாம்.

பிரேக்கை மிதித்தாளா என்று கேட்டிருந்தாய்.

மிதித்தாள். நான் கத்தினேன், அதனால் மிதித்தாள். முதல் ஆட்டத்தில் அவள் காலை எடுத்துவிட்டு வளையத்தை நேராகத்தான் பிடித்திருந்தாள், சொல்லிக்கொடுத்தது போலவே. பக்கவாட்டுக் கண்ணாடியில் கேரவனின் வால் வருவதைப் பார்த்ததும் நான், "பிரேக்கப் புடி, பெரில், பிரேக்கப் புடி" என்று கத்திவிட்டேன். அவள் மிதித்தாள். பிறகுதான் சாய்ந்தது. போலீஸ்காரர் கேட்டபோது, தானே மிதித்ததாகச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். அன்றிலிருந்து சும்மாதான் இருக்கிறேன். நான் கத்தியது அவளுக்கு நினைவில்லையோ, நினைவிருந்தும் சொல்லவில்லையோ, தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீ யாரிடமும் சொல்லாதே. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

முதலில் ஏன் ஆடியது என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை, வின்னி. எல்லாவற்றையும் நீ சொன்ன இடத்தில்தானே வைத்தோம். கனமானதைச் சக்கர அச்சின் மேல் வைத்தோம். பின்னால் தலையணைகள் மட்டும்தான். எழுபத்து நான்கு என்று நானே படித்தேன்.

டெஸ்மண்ட்


ஹெஸ்ஸல்
21 ஜூன்

டெஸ்மண்ட்,

சிலிண்டர் என்னிடம் இருக்கிறது. என் கொட்டகையில், ஏணிக்குப் பின்னால். அது அந்தச் சாலையோரத்தில் ஒருநாளும் கிடக்கவில்லை. எந்தப் பிள்ளையின் கையிலும் கிடைக்காது. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வை, போய்ப் பெரிலிடம் இதை மட்டும் சொல், பிறகு வந்து மிச்சத்தைப் படி.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கண் மருத்துவரிடம் போயிருந்தீர்கள். கூடுகைக்குத் தேநீர் கொதிகலன் வைக்க எரிவாயு இல்லை. விடுமுறை வாரம், விற்கிற இடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக முதல் வண்டி வயலுக்குள் வரும்போது தேநீர் தயாராக இருக்கும், அதை நான் தவறவிட்டதில்லை. நீங்கள் வராத வருஷத்தில் தேநீரும் இல்லை என்றால் சங்கத்தில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். உங்கள் முன்பெட்டியின் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. ஒரு வாரப் பயணத்துக்கு ஒரு சிலிண்டர் போதும். பட்டையை அவிழ்த்து, சிலிண்டரைத் தள்ளுவண்டியில் சரித்து இறக்கி, என் காருக்குக் கொண்டுபோனேன். திருடியதாக அப்போது நினைக்கவில்லை. தம்பி வீடுதானே என்று நினைத்தேன்.

கேரவனின் மூக்கிலிருந்து இருபத்தெட்டுக் கிலோவை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் தெருவைத் தாண்டுவதற்கு முன்பே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். கருவிப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் முன்னால் வையுங்கள், காலையில் தராசு வைத்து இன்னொரு முறை பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். பெரில் எடுத்தாள். "இப்ப என்ன தப்பு பண்ணிட்டோம், வின்னி?" என்றாள். அவள் கேட்டதற்குப் பதில், நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை, தப்பு பண்ணியவள் நான் என்பது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன். காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். காலையில் கொதிகலனைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தி வந்த அன்றைக்கு ஒரு தராசை இரவல் வாங்கி என் கேரவனில் வைத்துப் பார்த்தேன். உங்கள் சிலிண்டரோடு ஒரு முறை, அதை எடுத்துவிட்டு ஒரு முறை. இருபதுக்கு மேல் குறைந்தது. உங்களுடையதில் எழுபத்து நான்கு ஐம்பது சொச்சத்துக்கு இறங்கியிருக்கும். அந்தப் பாரத்தில் பேருந்துக் காற்றே போதும். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் என் முதல் கடிதத்தை எழுதினேன். ஓட்டியவள்தான் மிச்சம் என்று எழுதினேன். இரண்டாவது கடிதத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். அது கிடைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, டெஸ்மண்ட். அந்த நிம்மதியோடுதான் பார்க்கின் செய்தேன்.

கார் சரியான கார். அதை இப்போதும் சொல்வேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நீ படித்த எழுபத்து நான்கும் சரி. அதைப் பொய்யாக்கியவள் நான்.

நீ கத்தியதும் தப்புதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வால் ஆட ஆரம்பித்தது உன் வாயால் அல்ல. யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று யோசிக்காதே. நான் அப்படித்தான் யோசித்தேன், அதற்குள் அவள் எலும்பு முறிந்த நிலையில் இரண்டு ஞாயிறு காஞ்சொறியில் தேடிவிட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ததை நீ எழுதிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை.

இனி நடக்க வேண்டியவை.

பள்ளிக்கூடத்துக்கு நான் போன் செய்வேன். நாளைக் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பு. சிலிண்டரைப் போட்டது பெரில் இல்லை என்று அந்தத் தலைமை ஆசிரியையிடம் என் பெயரைச் சொல்லிச் சொல்வேன்.

மால்ட்டன் போலீஸுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் நான் எழுதுவேன். காப்பீட்டில் பணம் தர மறுத்தால் என் கேரவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து ஐம்பது கிலோ, உங்கள் கார் அதை எளிதாக இழுக்கும். வேண்டாம் என்று நீ சொல்வாய். உன் பெயருக்கு மாற்றும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் நான் செய்ததைச் சொல்லும் பகுதியின் நகலை நெவில் அடுத்த கூட்டத்தில் முழுவதும் வாசிக்க வேண்டும், நீ கத்தியது அதில் இருக்காது. நடுவில் எதையும் விடக் கூடாது, தேநீர் வரியையும்தான். பிறகு என்னிடம் யாரும் கார் பற்றிக் கேட்காவிட்டால் சரி. கேட்டால் சொல்வேன்.

முன்பெட்டியின் மாற்றுச் சாவி இந்த உறையில் இருக்கிறது. எந்தக் காலத்திலும் அதை என்னிடம் திருப்பித் தராதே.

இயானிடம் வருகிற ஞாயிறு வர வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும். நான் வருகிறேன். சிலிண்டரைக் கொண்டுவருவேன். அவள் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் நம்புவாள், நானாக இருந்தாலும் அப்படித்தான்.

நான் வருவதற்கு முன் நீ அவளிடம் பிரேக் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அது உன்னுடையது.

பெரில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மன்னிக்க வேண்டியதில்லை, கதவைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. வாசலில் சிலிண்டரை வைத்துக்கொண்டு நிற்பேன். தராசை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

எலும்பு சேர்ந்து, என்றைக்காவது ஒரு நாள் அந்தத் தேயிலை டப்பாவைத் திறந்தாளென்றால், மால்ட்டன் இறக்கத்தில் ஒரு முறை போய்வர வேண்டும், கேரவன் இல்லாமல், வெறும் காரில். ஓட்ட வேண்டியவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியவன் நீ.

பின் இருக்கையில், நாய் வாடை அடிக்கிற பக்கம், நான்.

வின்னி